தொப்பைக்கு மட்டும் தனி டயட் உண்டா?

கேள்வி சுருக்கமாக இது. ஆண், வயது 41, உயரம் 168 செ.மீ., எடை 71 கிலோ. கை கால் மெலிவு, தொப்பை மட்டும் தனியாகத் தெரிகிறது. 15 நாளில் வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்கும் என்று ஒரு டயட் சார்ட் கைக்கு வந்திருக்கிறது: விடிந்ததும் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும், காலையில் கொள்ளுக் கஞ்சி, மதியம் முட்டைகோஸ் சூப், இரவு இரண்டு சப்பாத்தி, படுக்கும்முன் ஆப்பிள் சைடர் வினிகர். போன முறை டயட் இருந்தபோது முகம்தான் ஒட்டிப் போனது, தொப்பை அப்படியே நின்றது, பார்த்தவர்கள் எல்லாம் "என்ன, சுகர் வந்துடுச்சா?" என்று விசாரித்தார்கள். இந்த சார்ட்டாவது வயிற்றை மட்டும் குறைக்குமா?

குறைக்காது. எந்தச் சாப்பாடும் உடம்பில் இடம் பார்த்து வேலை செய்வதில்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாக ஆகும். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பில் ஒரு வகை, எந்த டயட்டாக இருந்தாலும் சரி, சாப்பாட்டின் மொத்த அளவு நிஜமாகவே குறைந்தால் மற்ற இடங்களை முந்திக்கொண்டு கரைகிறது. உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் அந்த வகைதான் என்று நீங்கள் கொடுத்திருக்கும் விவரத்தை வைத்தே ஊகிக்கலாம்.

நின்றுகொண்டு தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். கையில் சிக்குவது தோலடிக் கொழுப்பு. கிள்ளினால் கொஞ்சம்தான் வருகிறது, ஆனால் வயிறு கெட்டியாக முன்னே தள்ளிக்கொண்டு நிற்கிறது என்றால், தசைச் சுவருக்கும் பின்னால், குடலைச் சுற்றி, உள்ளே கொழுப்பு நிறைந்திருக்கிறது. இதை உள்ளுறுப்புக் கொழுப்பு என்கிறார்கள். கிள்ளிப் பார்ப்பது துல்லியமான பரிசோதனை இல்லை, அதற்கு ஸ்கேன் வேண்டும். ஆனாலும் கை கால் மெலிந்து வயிறு மட்டும் இருக்கும் ஆண்களுக்கு உள்ளே இருப்பதன் பங்கு அதிகம் என்று துணிந்து சொல்லலாம்.

உடம்புக்குக் கெடுதல் செய்வதும் இந்த உள் கொழுப்புதான். குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பிலிருந்து வெளியேறும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே கொழுப்பு படிந்து, இன்சுலின் வேலை செய்வது மந்தமாகி, சர்க்கரையும் ட்ரைகிளிசரைடு என்ற வகைக் கொழுப்பும் ரத்தத்தில் ஏறுகின்றன. 2004-ல் அமெரிக்காவில் உடல் பருமன் உள்ள 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலடிக் கொழுப்பை லைபோசக்‌ஷன் மூலம் உறிஞ்சி எடுத்தார்கள். ஆளுக்குச் சுமார் 10 கிலோ. பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், இன்சுலின் வேலை செய்யும் திறன் எதிலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. பத்துக் கிலோவைச் சாப்பாட்டாலும் நடையாலும் இழந்திருந்தால் இவை எல்லாமே சீராகியிருக்கும். ஜப்பானின் சுமோ மல்யுத்த வீரர்கள் இதற்கு மறுபக்கம். அவ்வளவு பெரிய உடம்பிலும், பயிற்சியில் இருக்கும் வரை, கொழுப்பில் பெரும்பங்கு தோலுக்கு அடியில்தான். உள்ளே ஒப்பீட்டளவில் குறைவு. களத்தை விட்டு ஓய்வு பெற்று, சாப்பாடு மட்டும் தொடரும்போதுதான் உள்ளே சேர ஆரம்பிக்கிறது.

சரி, கொழுப்பு எப்படி வெளியேறுகிறது? கொழுப்புச் செல்லுக்குள் அது ட்ரைகிளிசரைடாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. சாப்பிட்டு நேரமாகி இன்சுலின் இறங்கும்போதும், உடற்பயிற்சியில் அட்ரினலின் ஏறும்போதும் அது உடைந்து கொழுப்பு அமிலமாக ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தில் கலந்தபிறகு அது தொப்பையிலிருந்து வந்ததா, தொடையிலிருந்து வந்ததா என்று எந்தத் தசையும் கேட்பதில்லை. எரிந்து முடிந்தபின் என்ன ஆகிறது தெரியுமா? 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியே போகிறது, மிச்சம் 1.6 கிலோ தண்ணீராகிறது. வியர்வையாக உருகி வழிவதோ மலத்தோடு போவதோ இல்லை. வயிற்றில் பெல்ட் கட்டி வியர்க்க வைப்பவர்களுக்கும், பேதி மருந்தை "டீடாக்ஸ்" என்று விற்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பிடிக்காது.

ஒரு இடத்தை மட்டும் உழைக்க வைத்தால் அங்கே மட்டும் கரையுமா என்பதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 1971-ல் டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் அளந்தார்கள். வருடக்கணக்காக மட்டை பிடித்த கையில் தசை பெருத்திருந்தது; தோலடிக் கொழுப்பின் தடிமன் மட்டும் இரண்டு கையிலும் ஒன்றுபோலவே இருந்தது. 1984-ல் இன்னும் கடுமையான சோதனை: 27 நாளில் ஆளுக்கு 5,004 சிட்-அப். முன்னும் பின்னும் வயிறு, முதுகு, பிட்டம் மூன்று இடத்திலும் ஊசி குத்திக் கொழுப்பை எடுத்துச் செல்லின் அளவைப் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் ஒரே அளவு சுருங்கியிருந்தது, வயிற்றுக்கு எந்தச் சலுகையும் இல்லை. 2023-ல் 16 ஆண்களை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வில், வயிற்றுத் தசைக்கான நீண்ட நேரப் பயிற்சி செய்தவர்களுக்கு நடுவுடம்பில் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது என்று வந்திருக்கிறது. பெரிய அளவில் மறுபடி நிரூபிக்கும்வரை அதை நம்பி ஜிம்மில் சிட்-அப் பலகையோடு குடித்தனம் நடத்த வேண்டாம்.

அப்படியானால் எங்கிருந்து முதலில் எடுப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? பரம்பரை, ஆணா பெண்ணா, வயது, ஹார்மோன். கொழுப்புச் செல்லின் மேல் அட்ரினலின் வந்து ஒட்டும் இடங்கள் இரண்டு வகை. ஒன்று "கரை" என்று சொல்லும், இன்னொன்று "நிறுத்து" என்று சொல்லும். பெண்களின் இடுப்பிலும் தொடையிலும் நிறுத்தும் வகை அதிகம்; அதனால்தான் அங்கே அவ்வளவு பிடிவாதம். உள்ளுறுப்புக் கொழுப்பில் கரைக்கும் வகை அதிகம், இன்சுலினின் தடையும் அங்கே அவ்வளவாகச் செல்லுபடியாவதில்லை. தொடைக் கொழுப்பு பீரோவில் பூட்டி வைத்த நகை என்றால் இது சட்டைப் பையில் இருக்கும் காசு: சேர்வதும் சீக்கிரம், செலவாவதும் சீக்கிரம். எடை குறையும் ஆரம்ப வாரங்களில் உள்ளுறுப்புக் கொழுப்பு தன் பங்குக்கு மேலேயே குறைகிறது. இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோய் உள்ள 11 பேர் நாளுக்கு 600 கலோரி அளவில், மருத்துவக் கண்காணிப்பில் இருந்தார்கள். ஒரே வாரத்தில் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை சாதாரண அளவுக்கு வந்தது, கல்லீரல் கொழுப்பும் வேகமாக இறங்கியது. வெளியே கண்ணாடியில் ஒன்றும் தெரியாத நாட்களிலேயே உள்ளே வேலை நடந்திருக்கிறது. (இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். சுகர் மாத்திரை சாப்பிடுபவர் திடீரென்று இப்படிக் குறைத்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயங்கி விழ நேரிடும்.)

உள் கொழுப்பை மட்டும் குறி வைக்கும் மருந்து ஒன்று நிஜமாகவே இருக்கிறது. டெசமோரெலின் என்று பெயர். எச்.ஐ.வி. மருந்துகளால் வயிற்றுக்குள் அளவுக்கு மீறிக் கொழுப்பு சேர்ந்தவர்களுக்காக 2010-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். தினமும் ஊசி, ஆறு மாதத்தில் உள்ளுறுப்புக் கொழுப்பு சுமார் 15 சதவீதம் குறைந்தது. ஊசியை நிறுத்தினால் திரும்ப வந்துவிடுகிறது. மற்றவர்கள் தொப்பைக்காகப் போட்டுக்கொள்ளும் மருந்து அல்ல. ஹார்மோனைத் தூண்டும் ஊசியே இவ்வளவுதான் செய்கிறது என்றால் முட்டைகோஸ் சூப்பிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஏன் இந்த உடல்வாகு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2004-ல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். அதே யாஜ்னிக் குழு புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அளந்தபோது, இங்கிலாந்துக் குழந்தைகளைவிடச் சுமார் 800 கிராம் எடை குறைவு, தசையும் குறைவு. முதுகுப்பக்கத் தோலடிக் கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட அவர்கள் அளவுக்கே இருந்தது. தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் நாம் பிறக்கும்போதே வந்துவிடுகிறோம். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. இந்தியாவில் பி.எம்.ஐ. கணக்கில் உடல் பருமன் 28.6 சதவீதம் பேருக்கு, இடுப்பளவுக் கணக்கில் 39.5 சதவீதம் பேருக்கு. எடை மெஷின் "பரவாயில்லை" என்று விட்டுவிடும் பலரை இஞ்ச் டேப் பிடித்துக் கொடுக்கிறது. உங்களையும் சேர்த்துத்தான். உங்கள் பி.எம்.ஐ. 25, வெள்ளைக்காரர் அட்டவணையில் அது எல்லைக்கோடு, இந்தியர்களுக்கான அளவுகோலில் 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25 என்றால் பருமன்.

இனி டயட்டுகளை ஒப்பிட்ட ஆய்வுகள். அமெரிக்காவில் 811 பேரை நான்கு விதச் சாப்பாட்டில் இரண்டு வருடம் வைத்துப் பார்த்தார்கள்: கொழுப்பு கூட, குறைய, புரதம் கூட, குறைய. 2009-ல் முடிவு வந்தது, எடை இழப்பு எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர்களில் சிலரை ஸ்கேன் செய்து பார்த்தபோது வயிற்றுக் கொழுப்பு குறைந்ததிலும் வித்தியாசம் இல்லை. 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேர், ஒரு வருடம்: கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. இரண்டுக்கும் பெயரளவுக்குத்தான் வித்தியாசம். பேலியோவா கீட்டோவா இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்கா என்று வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டைக்கு என் பதில், எதை ஆறு மாதம் சலிக்காமல் செய்ய முடியுமோ அது. மற்றதெல்லாம் கட்சிப் பேச்சு.

ஆனாலும் சாப்பாட்டின் வகை ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். கொழுப்பைச் சேர்ப்பதில் வகைக்கு ஒரு பங்கு இருக்கிறது. ஸ்வீடனில் உப்சாலாவில் ஒல்லியான 39 இளைஞர்களுக்கு ஏழு வாரம் தினமும் கூடுதலாக மஃபின் கேக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் பாமாயிலில் செய்தது, பாதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவு, சுமார் ஒன்றரைக் கிலோ எடை ஏறியது. பாமாயில்காரர்களுக்குக் கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கூடுதலாகச் சேர்ந்தது. சூரியகாந்திக்காரர்களுக்குத் தசை கொஞ்சம் அதிகம் கூடியது. ரேஷனில் வாங்கும் பாமாயிலில் எப்போதாவது பொரித்தால் ஆபத்து என்று இதற்கு அர்த்தம் இல்லை. தேவைக்கு மேல் சாப்பிடும்போது எந்த எண்ணெய் என்பது கணக்கில் வருகிறது, அவ்வளவுதான். சர்க்கரையிலும் இப்படி ஒன்று உண்டு. 2009-ல் கலிஃபோர்னியாவில் 10 வாரம், மொத்தக் கலோரியில் கால்வாசியைச் சர்க்கரைப் பானமாகக் கொடுத்தார்கள். ஃப்ரக்டோஸ் குடித்தவர்களுக்கும் குளுக்கோஸ் குடித்தவர்களுக்கும் எடை ஒன்றுபோல் ஏறியது, உள்ளுறுப்புக் கொழுப்பு ஃப்ரக்டோஸ் கூட்டத்துக்குத்தான் கூடியது. நாம் டீயில் போடும் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். தேனிலும் ஃப்ரக்டோஸ்தான் முன்னணி. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்று மாற்றிக்கொண்டு ஸ்பூன் கணக்கைக் கூட்டுகிறவர்கள் இதையும் மனதில் வைக்கலாம்.

குறைப்பதில் வித்தியாசம் காட்டிய ஆய்வு என்றால் இஸ்ரேலில் நடந்ததைச் சொல்லலாம். 294 பேர், 18 மாதம், முடிவு வந்தது 2022-ல். சாதாரண ஆரோக்கியச் சாப்பாட்டில் உள்ளுறுப்புக் கொழுப்பு சுமார் 4 சதவீதம், வால்நட் சேர்த்த மத்திய தரைக்கடல் பாணியில் 6 சதவீதம், அதிலேயே சிவப்பு இறைச்சியைத் தவிர்த்து, தினம் மூன்று நான்கு கப் கிரீன் டீ, ஒரு வகை நீர்த்தாவரம் எல்லாம் சேர்த்த பாணியில் 14 சதவீதம் குறைந்தது. மூன்று கூட்டமுமே உடற்பயிற்சியும் செய்தன. வித்தியாசம் நிஜம்தான். ஆனால் அதைச் செய்தது ஒரு பொருள் அல்ல, ஒன்றரை வருடம் முழுச் சாப்பாட்டையும் மாற்றிக்கொண்டது.

இப்போது உங்கள் சார்ட். கொள்ளு நல்ல சரக்கு. நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம், நிறைய நார்ச்சத்து, வயிறு நிறையும், பசி தாங்கும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பெரியவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஐந்து இட்லி இருந்த இடத்தில் கொள்ளுக் கஞ்சி வந்தால்தான் அது வேலை செய்யும். மூன்று சுற்று சோற்றுக்குப் பக்கத்தில் கொள்ளு ரசமும் வைத்தால் ரசம் ருசியாக இருக்கும், வேறொன்றும் நடக்காது. வெந்நீர், எலுமிச்சை: கெடுதல் இல்லை, கரைப்பதும் இல்லை. அதில் ஒரு மேஜைக்கரண்டி தேன் சேர்த்தால் 60 கலோரி உள்ளே போகிறது. ஆப்பிள் சைடர் வினிகருக்குப் பெரிய விளம்பரம் தேடிக் கொடுத்த லெபனான் ஆய்வு 2024-ல் வந்தது. கணக்குகள் சரியில்லை என்று அந்த இதழே 2025-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. படுக்கும்முன் அமிலத்தைக் குடித்து நெஞ்செரிச்சலையும் பல் கூச்சத்தையும் வாங்க வேண்டாம். சார்ட்டில் இல்லாவிட்டாலும் அடுத்து உங்களிடம் வரப்போவது குடம்புளி மாத்திரை. கார்சினியா என்ற பெயரில் விற்கிறார்கள். 1998-லேயே 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்ததில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் எடை இழப்பில் வித்தியாசம் இல்லை என்று வந்துவிட்டது. அந்த மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. குடம்புளி மீன் குழம்பில் இருக்கட்டும்.

சார்ட் போட்டவர் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர்: 15 நாள் என்று வைத்ததில். சோறு திடீரென்று குறையும்போது தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் காலியாகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே முதல் வாரத்திலேயே ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கும், பேன்ட் தளரும். அது கொழுப்பு இல்லை. ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குள் பதினைந்து நாள் முடிந்து, பணமும் கைமாறியிருக்கும்.

சரி, என்னதான் சாப்பிடுவது? உங்கள் மதிய இலையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 150 கிராம் அரிசி வடித்தால் மூன்று சுற்றுக்கு வரும்: குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு. 500 கலோரிக்கு மேல். பக்கத்தில் பொரியல் இரண்டு கரண்டி, அப்பளம் ஒன்று. புரதம் என்று பார்த்தால் சாம்பாரில் மூன்று நான்கு கிராம், மோரில் கொஞ்சம். ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் 2025 அறிக்கை, இந்தியர்கள் எடுக்கும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினாலும் பெரிய பலன் இல்லை, மாவுச்சத்தில் ஒரு பங்கைப் புரதமாக மாற்றினால்தான் சர்க்கரை நோய் அபாயம் குறைகிறது என்பதும் அதே அறிக்கையில் உண்டு. சோற்றுக்குப் பதில் நான்கு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு டயட் என்று சொல்லிக்கொள்பவர்களுக்கு இது உறைக்க வேண்டும்.

நான் சொல்வது: அரிசி அளவைப் பாதியாக்குங்கள், சுற்றைக் குறைக்க வேண்டாம். மூன்று சுற்றும் இருக்கட்டும், ஒவ்வொன்றும் சின்னதாக. குழம்பு ஊற்றுவதற்கு முன்பே பொரியலையும் கூட்டையும் சாப்பிட ஆரம்பியுங்கள், ஒரு கிண்ணம் நிறைய. தினம் ஒரு உருப்படியான புரதம்: இரண்டு முட்டை (12 கிராம்), அல்லது மீன், கோழி நூறு கிராம் (இருபதுக்கு மேல்), சைவம் என்றால் ஒரு கப் சுண்டலும் (பன்னிரண்டு போல) ஒரு பெரிய கிண்ணம் தயிரும். உங்கள் எடைக்கு ஒரு நாளில் 70 கிராம் புரதம் வந்தால் போதும். மூன்று வேளைக்கும் பிரித்தால்தான் அது முடியும், ஒரே வேளையில் திணிக்க முடியாது. அப்புறம் டீ. நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 35 கிராம் போல வருகிறது, 140 கலோரி. டீக்கடையில் "சக்கரை கம்மியா" என்று சொன்னாலே பாதி குறையும். கூடவே வரும் வடையையும் பிஸ்கட்டையும் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இவ்வளவு செய்தாலே நாளுக்கு 400, 500 கலோரி குறைந்துவிடும். பட்டினி கிடக்காமலே மாதம் ஒன்றரை கிலோ இறங்குவது நடக்கக்கூடியதுதான். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. இடுப்பில் குறையும்.

சாராயம், பீர் பழக்கம் இருந்தால் தனிக் கணக்கு. ஆல்கஹால் உள்ளே இருக்கும்வரை உடம்பு அதை முதலில் எரிக்கும், கொழுப்பு காத்திருக்கும். சைட் டிஷ் கணக்கு வேறு. இதில் அதிகம் விளக்க ஒன்றும் இல்லை.

உள்ளுறுப்புக் கொழுப்பில் டயட்டைவிட நடை ஒரு படி மேலே நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016 கட்டுரை ஒன்றின் கணக்கு: எடை கொஞ்சமும் குறையாதபோதுகூட, உடற்பயிற்சி செய்தவர்களுக்கு உள்ளுறுப்புக் கொழுப்பு சுமார் 6 சதவீதம் குறைந்திருந்தது, எடை குறையாத டயட்காரர்களுக்கு 1 சதவீதம். "ஒரு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூட இறங்கல" என்று ஷூவை மூலையில் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மூச்சு கொஞ்சம் வாங்குகிற வேகத்தில் 45 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். பேசிக்கொண்டே அரட்டை நடை போட்டுவிட்டுப் பூங்கா வாசலில் போண்டா சாப்பிட்டால் நடந்த கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

தூக்கமும் நேராக வயிற்றில்தான் கை வைக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 12 பேரை இரண்டு வாரம் இரவுக்கு நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள், சாப்பாட்டுக்குத் தடை இல்லை. தினம் 300 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை அரைக் கிலோதான் ஏறியது, ஆனால் உள்ளுறுப்புக் கொழுப்பு 11 சதவீதம் கூடியது. ராத்திரி ஒரு மணி வரை போனைப் பார்த்துவிட்டுக் காலை ஐந்தரைக்கு எழுந்து நடைக்குப் போவதானால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குகிறீர்கள்.

முகம் ஒட்டிப் போவது உங்கள் முக்கியமான கவலை. முகத்தில் இருப்பதும் தோலடிக் கொழுப்புதான், அதுவும் மெல்லிய அடுக்கு. கொஞ்சம் குறைந்தாலே பார்ப்பவர் கண்ணில் படும். வயிற்றுக்குள் அதைவிடப் பல மடங்கு போயிருந்தாலும் சட்டைக்கு மேலே தெரியாது. போன முறை தொப்பை அப்படியே இருந்தது என்று கண்ணாடியை வைத்துத்தான் முடிவு செய்திருப்பீர்கள். ஆனால் கஞ்சி, சூப் என்று போதிய புரதம் இல்லாமல் வேகமாக எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். கன்னம், கழுத்து, தோள் எல்லாம் வாடுவது அதனால்தான். வாரம் இரண்டு நாளாவது தண்டால், பஸ்கி, டம்பெல் என்று தசைக்கு வேலை கொடுங்கள். மெதுவாகக் குறையுங்கள். அப்போதும் முகம் கொஞ்சம் மெலியும், அதைத் தடுக்க வழி இல்லை. விசாரிப்பவர்களுக்கு "டயட்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதான்.

பேன்ட் சைஸை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஆட்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவதால் 34 சைஸ் வருடக்கணக்காக மாறாமல் இருக்கும், தொப்பை மட்டும் மேலே வளர்ந்துகொண்டு போகும். தையல் கடை இஞ்ச் டேப் ஒன்று வாங்குங்கள். காலையில், சாப்பிடும்முன், சட்டை இல்லாமல். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தடவிப் பாருங்கள், அப்புறம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பை; இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். பின்பக்கம் டேப் இறங்கியிருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள், பெரும்பாலும் இறங்கியிருக்கும். வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டு, விட்ட நிலையில் அளவெடுங்கள். இரண்டு தடவை அளந்து சராசரி போடுங்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது இன்னொரு சுலபக் கணக்கு, உங்களுக்கு 84. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அளந்து ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். மூன்று மாதத்தில் நான்கு செ.மீ. குறைந்திருந்தால் நீங்கள் செய்வது வேலை செய்கிறது, மாற்றாதீர்கள். ஒன்றுமே குறையவில்லை என்றால் சாப்பாட்டின் அளவு எங்கேயோ தவறுகிறது. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியிலும் சாயங்கால நொறுக்கிலும் இருக்கும். கூடவே ஒரு முறை வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), ட்ரைகிளிசரைடு, ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். 41 வயதில் இந்த உடல்வாகுக்கு அது எப்படியும் செய்ய வேண்டியதுதான்.

கடைசியாக ஒன்று. எல்லாத் தொப்பையும் கொழுப்பு இல்லை. பிரசவத்துக்குப் பின் நடு வயிற்றின் இரண்டு தசைகளும் விலகியே நின்றுவிட்டால், எடை பழையபடி வந்தபிறகும் வயிறு துருத்திக்கொண்டு இருக்கும். அதற்கு டயட் எதுவும் செய்யாது, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சிதான் வழி. அது தெரியாமல் சிட்-அப் எடுத்தால் சிலருக்கு இன்னும் துருத்தும். காலையில் தட்டையாக இருந்து சாயங்காலம் உப்புவது வாயு, அஜீரணம், மலச்சிக்கல். சில வாரங்களில் வயிறு மட்டும் வேகமாகப் பெருத்து, கால் வீங்கி, அல்லது பசி குறைந்து எடையும் இறங்கிக்கொண்டிருந்தால் அது டயட் பேசும் நேரமில்லை. வயிற்றில் நீர் கோத்திருக்கலாம், பெண்களுக்குச் சினைப்பைக் கட்டியாகவும் இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பார்த்து ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.